காற்றோட்டமான வீடு காலியாகக் கிடக்காது

வீடு, நிலம், வாடகை பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதி வருகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: சொந்த நிலத்தில் மூன்று நாலு வீடு கட்டி வாடகைக்கு விடுவது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பிளான் வரைந்து பிழைத்தவள் நான். பட்டர்வொர்த்தில் எங்கள் குடும்பத்துக்கும் வாடகை வீடுகள் உண்டு. எனவே இந்த முறை முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அக்கா, பாகான் ஆஜாமில் அப்பா விட்டுப்போன 60க்கு 100 அடி நிலம் இருக்கிறது. அதில் இருக்கும் பலகை வீடு இனி தாங்காது. அதை இடித்துவிட்டு, கீழே இரண்டு மேலே இரண்டு என நாலு வீடு கட்டி வாடகைக்கு விட ஆசை. தெரிந்த கான்ட்ராக்டர் ஒருவர் பிளான் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று அறை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, கொண்டோ மாதிரி கறுப்பு வெள்ளையில் முகப்பு. இந்த அழகுக்கே ஆள் வரிசையில் நிற்பார்கள் என்கிறார். என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சேமநிதிப் பணத்தில்தான் கட்டப்போகிறோம். பயமாக இருக்கிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தங்கச்சி, சேமநிதிப் பணம் என்று எழுதியிருந்ததால்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். ஒரு தடவைதான் கட்ட முடியும். அதனால் பிளானிலேயே எல்லாவற்றையும் யோசித்துவிட வேண்டும்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். கெரானை, அதாவது நிலப் பட்டாவை எடுத்து, ‘சியாரட் ஞாத்தா’ (நிலத்தின் பயன்பாட்டு நிபந்தனை) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே ஒரு குடியிருப்பு வீடு என்று நிபந்தனை இருந்தால், நாலு வீடு கட்டும் முன் நில அலுவலகத்தில் அதை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நிலம் இன்னும் அப்பா பெயரில் இருந்தால் அதையும் முதலில் சரி செய்யுங்கள். அப்புறம் செபராங் பிறை மாநகர் கழகத்தில் திட்ட அனுமதி, அதன் பிறகு கட்டடப் பிளான். உங்களுடையதைப் போன்ற கட்டடத்துக்கு இவற்றைச் சமர்ப்பிக்கப் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் வேண்டும். கான்ட்ராக்டர் போட்டுக் கொடுத்தது வெறும் படம். கட்டி முடித்ததும், வீடு குடியேறத் தகுந்தது என்று உறுதி சொல்லும் சி.சி.சி. சான்றிதழில் கையெழுத்துப் போடும் பொறுப்பும் 2007 முதல் ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் கைக்கு வராமல் யாரையும் குடிவைக்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். செபராங் ஜெயா மருத்துவமனை நர்ஸ்கள் வரலாம். ஃபெரியும் பினாங்கு சென்ட்ரல் பஸ், ரயில் நிலையமும் பக்கத்தில் இருப்பதால், பினாங்குத் தீவில் வேலை செய்துகொண்டு இக்கரையில் குடியிருக்க நினைக்கிற இளம் ஜோடிகளும் உண்டு. பெரிய குடும்பமாக இருப்பவர்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) தரை வீடு தேடுவார்கள், மாடி வீட்டுக்கு வருவது குறைவு. ஆகவே மூன்று அறை வேண்டாம். நல்ல அளவில் இரண்டு அறை போதும். யு.பி.பி.எல். எனப்படும் 1984ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் முதல் அறைக்குக் குறைந்தது 11 சதுர மீட்டர், இரண்டாவதற்கு 9.3, மற்றவற்றுக்கு 6.5 என்று இருக்கிறது. மூன்றாவது அறையைத் திணிக்கிறவர்கள் அந்த 6.5-இல் போய் நிற்பார்கள். கட்டிலைப் போட்டால் அலமாரி போட இடமிருக்காது. அந்த அறையில் பழைய சாமான்தான் கிடக்கும். அதற்குச் செலவழிக்கும் இடத்தைச் சமையலறைக்கும் பின்பக்கத்துக்கும் கொடுங்கள்.

வாடகைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். உதாரணத்துக்கு மாதம் 900 ரிங்கிட் வாடகை என்று வைத்துக்கொள்வோம். முகப்பு அழகாக இருப்பதால் 50 ரிங்கிட் கூடுதலாகக் கேட்டு வாங்கினால் வருடத்துக்கு 600 ரிங்கிட் லாபம். அதே வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 900 போய்விடும். ஆள் மாறும்போதெல்லாம் பெயின்ட், ரிப்பேர், ஏஜென்ட் கமிஷன் வேறு. வருகிறவர் ஐந்தாறு வருடம் நகராமல் இருந்தால்தான் உங்களுக்கு நிம்மதி. அவர் நகர்வதும் நகராததும் முகப்பைப் பொறுத்தது இல்லை. வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது வீடு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதில் முதல் விஷயம் வெயில். வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வருவார்கள். மேல்மாடிக் கதவைத் திறந்ததும் அனல் அடித்தால், வாய் திறக்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு, “சொல்றேன்க்கா” என்று போய்விடுவார்கள். திரும்பி வரமாட்டார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே. வெயில் நம் சுவரை நேராகத் தாக்குவது கிழக்கிலும் மேற்கிலும்தான். வடக்கு, தெற்குச் சுவர்களுக்கு மூன்று அடி கூரை நீட்டினாலே நிழல் கிடைத்துவிடும். அதனால் பெரிய ஜன்னல்கள் வடக்கு தெற்காக வரட்டும். மேற்குப் பக்கம் படிக்கட்டு, குளியலறை, அலமாரிச் சுவர் இவற்றை வையுங்கள். உங்கள் நிலம் எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ரோடு மேற்குப் பக்கம் என்றால், கான்ட்ராக்டர் சொல்லும் முழுக் கண்ணாடி முகப்பு சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்புதான். கறுப்புப் பெயின்ட் அதற்கு விறகு.

அந்தக் கொண்டோ மாதிரி முகப்பில் எனக்கு இன்னொரு மனத்தாங்கல் உண்டு. பெட்டி போல் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூரையைச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். மழைநீர் போகும் பாதையும் சுவருக்கு உள்ளே போய்விடும். இலை அடைத்தால் தெரியாது. தெரியும்போது மேல் வீட்டு சீலிங்கில் கறை படிந்திருக்கும். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வேறு. நம் பினாங்கு மழைக்குச் சாய்வான கூரையும், வெளியே நீட்டிய விளிம்பும், கண்ணுக்குத் தெரிகிற மழைநீர்க் குழாயும்தான் சரி. தகரக் கூரை மலிவு என்று போட்டால், அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு கனமாகப் போடச் சொல்லுங்கள். வெயிலுக்கும் மழைச் சத்தத்துக்கும் சேர்த்து அது உதவும். ஓடு போட்டாலும் அந்த விரிப்பை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது காற்று. ஓர் அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு ஜன்னல் இருக்க வேண்டும், அதில் காற்று தடையின்றி வரும் திறப்பு 5 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. 100 சதுர அடி அறைக்கு 10 சதுர அடி ஜன்னல், அதில் 5 சதுர அடி திறப்பு. இது விதி கேட்கும் அளவு. மனிதர் தூங்குவதற்கு அதைப்போல இரண்டு பங்காவது வேண்டும் என்பேன். தள்ளித் திறக்கும் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். கண்ணாடித் தகடுகளை அடுக்கிய நாக்கோ ஜன்னலைப் பழைய பாணி என்று இப்போது ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மழை பெய்யும்போதும் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து வைத்துக் காற்றை விடலாம். ஒரு கண்ணாடி உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கடல் பக்கம் என்பதால் சட்டமும் கிரில்லும் அலுமினியத்திலோ துத்தநாகம் பூசிய இரும்பிலோ இருக்கட்டும். சாதாரண இரும்பு அங்கே சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் காற்று உள்ளே வராது, வெளியே போக வழி வேண்டுமே. இரண்டு வீடுகளும் ஒரு சுவரைப் பகிர்ந்து நிற்பதால் நடுவில் இருக்கும் அறைகள் இருட்டாகிவிடும். நடுவில் ஒரு காற்று முற்றம் விடச் சொல்லுங்கள். இரண்டு மாடிக் கட்டடத்துக்கு விதிப்படி குறைந்தது 7 சதுர மீட்டர், அகலம் 2.5 மீட்டருக்குக் குறையக்கூடாது. ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் நடுவே வானம் தெரியும் முற்றத்தைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு நீளமான வீட்டுக்குள் மூச்சு விட முடிவது அதனால்தான். இந்த இடத்தை வீண் என்று கான்ட்ராக்டர் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

சமையலறை பின்பக்கம், வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே ஜன்னலோ புகைபோக்கியோ, எதுவாக இருந்தாலும் புகை வெளியே போக வேண்டும், பக்கத்து வீட்டு அறைக்குள் போகக்கூடாது. மீன் பொரிக்காத, சம்பால் வதக்காத வீடு பினாங்கில் உண்டா? 14 கிலோ கேஸ் தோம்பை வெளியே வைத்துக் குழாய் மூலம் உள்ளே கொண்டுவர ஓர் இடம் விடுங்கள். சமையலறைக் கதவைத் திறந்தால் கூரை போட்ட சின்னப் பின்கட்டு, அங்கே வாஷிங் மெஷினுக்குக் குழாயும் பிளக்கும் வடிகாலும், துணி காயப்போட இரண்டு கம்பி. மேல் வீட்டுக்கும் இது வேண்டும். மேலே ஒரு பால்கனியைச் சமையலறைப் பக்கம் வையுங்கள். முன்பக்க பால்கனியில் யாரும் உட்காருவதில்லை, கடைசியில் துணிதான் தொங்கும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை விடாமல் பெய்யும்போது துணி காயாத வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளைகளை வைத்திருக்கும் பெண்களைக் கேளுங்கள். வீடு பார்க்க வரும்போது கணவர் கார் நிறுத்தும் இடத்தைப் பார்ப்பார். மனைவி நேராகப் பின்கட்டுக்குத்தான் போவார். முடிவு பெரும்பாலும் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

ஷிப்ட் வேலைக்காரர்கள் பகலில் தூங்குவார்கள். இதைப் பிளான் போடுகிறவர்கள் நினைப்பதே இல்லை. படுக்கையறைச் சுவருக்குப் பக்கத்தில் படிக்கட்டும் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமும் வரக்கூடாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. அந்தச் சுவரைக் கூரை வரைக்கும் கொண்டுபோகிறார்களா என்று நீங்களே போய் நின்று பாருங்கள். சீலிங்கோடு நிறுத்திவிட்டால் பக்கத்து வீட்டு டிவி சத்தம் முழுவதும் மேலாக வந்துவிடும். தீப்பிடித்தாலும் நெருப்பு அந்த வழியாகத்தான் தாவும்.

கழிவறையும் குளியலறையும் தனித்தனிக் கதவோடு இருந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேலைக்குக் கிளம்ப முடியும். செலவு கொஞ்சம்தான் கூடும். மேல் வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே கீழ் வீட்டுக் குளியலறைதான் வர வேண்டும். ஒழுகினால் யாருடைய கட்டில் மேலும் ஒழுகாது. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை அவசரத்தில் இதைத்தான் முதலில் தாண்டிப் போவார்கள்.

தரைமட்டத்தை ரோட்டை விட நன்றாக உயர்த்துங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு முழுக்க வந்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். கீழ் வீட்டு பிளக்குகளும் இடுப்பளவில் இருக்கட்டும். உயர்த்திவிட்டு வாசலில் மூன்று படி வைப்பதற்குப் பதிலாகச் சாய்வுப் பாதை போடுங்கள். கீழ் வீடு ஒன்றில் குளியலறைக் கதவு அகலமாக, தரை மேடு பள்ளமில்லாமல் இருந்தால், வயதான அம்மாவோடு வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் அதை விட்டுப் போகாது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு நாள் அந்த வீட்டுக்கே குடிவர நேரலாம், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலு வீட்டுக்கு நாலு கார், ஆறேழு மோட்டார் சைக்கிள் என்று கணக்குப் போடுங்கள். மோட்டாருக்குக் கூரையும், சங்கிலி போட்டுப் பூட்டச் சுவரில் இரும்பு வளையமும் இருக்கட்டும். பாகான் ஆஜாம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு மோட்டார்தான் பிழைப்பு என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அக்கா, நாங்கள் மூன்று வீடு கட்டுகிறோம். ஒரே மின்சார மீட்டர், ஒரே தண்ணீர் மீட்டர் வைத்துவிட்டு, உள்ளே சின்ன மீட்டர் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்கிறார் எலக்ட்ரீசியன். செய்யலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: வேண்டாம் தம்பி. ஒவ்வொரு வீட்டுக்கும் டி.என்.பி. மின்சார மீட்டர் தனி, தண்ணீருக்கும் தனி மீட்டர் என்று ஆரம்பத்திலேயே விண்ணப்பியுங்கள். பினாங்குத் தண்ணீர்க் கட்டணம் பயன்பாடு கூடக்கூடப் படிப்படியாக ஏறும். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் எல்லாரும் மேல்படிக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். ஒருவர் ஏர்கோனை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் மற்ற இருவரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் பில்லைப் பிரித்துக் கொடுத்துச் சண்டையைத் தீர்ப்பதே உங்கள் வேலையாகிவிடும். மீட்டர் தனியாக இருந்தால் வருகிறவரும் நம்பி வருவார்.

தண்ணீர்த் தொட்டியையும் பொதுவாக வைக்காமல் வீட்டுக்கு ஒன்றாக வையுங்கள். கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். 2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றியபோது மாநிலத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் போனது. பெரிய தொட்டி வைத்திருந்த வீடுகள் சமாளித்துக்கொண்டன. தொட்டியின் எடையை இன்ஜினியரிடம் சொல்லிவிடுங்கள், கூரைக்குள் ஏற்றிவிட்டுச் சொல்லாதீர்கள். சுடுதண்ணீர் ஹீட்டருக்குத் தனி வயர், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டார்களா என்றும் பாருங்கள். குளிக்கிறவர் உயிர் சம்பந்தப்பட்டது.

கேள்வி: பாயான் பாருவில் எங்களுக்கு மூன்று அறை டெரஸ் வீடு ஒன்று இருக்கிறது. ஃபேக்டரி ஆட்கள் நிறையப் பேர் அறை கேட்கிறார்கள். ஹாலையும் பிளாஸ்டர் பலகை வைத்துத் தடுத்து ஏழு அறையாக்கினால் நல்ல வருமானம் வரும் என்கிறார் நண்பர். உங்கள் யோசனை?
– வாசகர், சுங்கை ஆரா

பதில்: ஜன்னல் இல்லாத அறையில் மனிதரைத் தூங்க வைக்காதீர்கள். ஹாலைத் தடுத்தால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு வெளிச்சமும் கிடையாது, காற்றும் கிடையாது, தீப்பிடித்தால் வெளியே போக வழியும் கிடையாது. ஏழு அறையிலும் ஏழு ரைஸ் குக்கர், ஏழு ஃபோன் சார்ஜர், எல்லாம் ஒரு குடும்பத்துக்குப் போட்ட வயரில் ஓடும். ஜன்னலில் கிரில், வாசலில் பூட்டு. ராத்திரியில் புகை சூழ்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாநகர் கழகத்தின் அனுமதி இல்லாமல் உட்சுவர்களை இப்படி மாற்றுவதும் தவறு.

கம்பெனியே தன் தொழிலாளர்களுக்காக உங்கள் வீட்டை எடுக்க வந்தால், தொழிலாளர் தங்குமிடத் தரம் பற்றிய 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் பொருந்தும். முதலாளி அந்த இருப்பிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவில் சான்றிதழ் வாங்க வேண்டும். விடுதி அல்லாத வீடுகளில் தூங்கும் அறையில் ஓர் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர், ஆறு பேருக்கு ஒரு கழிவறை ஒரு குளியலறை என்று அளவு இருக்கிறது. அந்த அளவை வைத்துத்தான் எத்தனை பேர் என்று முடிவு செய்ய வேண்டும்.

இருக்கிற மூன்று அறையை மூன்றாகவே விடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் நல்ல பூட்டு, மின்விசிறி, தனி அலமாரி கொடுங்கள். குளியலறை இன்னொன்று கட்ட முடிந்தால் அனுமதி வாங்கிக் கட்டுங்கள். வருமானம் நண்பர் சொன்ன அளவுக்கு வராது. ராத்திரி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: குளுகோரில் புது வீடு கட்டி முடிக்கப்போகிறோம். சோபா, டிவி, கட்டில் என்று எல்லாம் போட்டுக் கொடுத்தால் ஆள் சீக்கிரம் வருவார்களா?
– வாசகி, குளுகோர்

பதில்: யு.எஸ்.எம். பல்கலைக்கழகம் பக்கம் என்பதால் மாணவர்களுக்கு விட்டால் கட்டில், மெத்தை, மேசை நாற்காலி, அலமாரி கொடுங்கள், போதும். குடும்பத்துக்கு விட்டால் எதுவும் வேண்டாம், அவர்களிடமே சாமான் இருக்கும். சோபா வாங்கும் பணத்தில் சமையலறை கேபினெட்டை அலுமினியத்தில் போடுங்கள். மரத்தூள் பலகை கேபினெட் நம் ஈரத்துக்கு ஊதிப்போகும், கரையானும் வரும். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஏர்கோன் வயரையும் குழாயையும் சுவருக்குள் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். மெஷினைப் பிறகு வாங்கலாம். தரைக்கு வழுக்காத டைல்ஸ். எல்லா வீட்டுக்கும் ஒரே டைல்ஸ், ஒரே பூட்டு, ஒரே பைப் என்று வாங்கி, டைல்ஸில் இரண்டு பெட்டி மிச்சம் வையுங்கள்.

கேள்வி: வணக்கம். நான் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஜெலுத்தோங்கில் மூன்று வீடு கட்டி முடித்திருக்கிறேன். விளம்பரத்தில் “இந்தியர் வேண்டாம்” என்று போட்டால் சீக்கிரம் ஆள் வரும், மற்றவர்கள் தயங்கமாட்டார்கள் என்கிறார் ஏஜென்ட். நானே தமிழன். மனசு ஒப்பவில்லை. ஆனால் வீடு காலியாக இருக்கிறதே என்ற கவலையும் இருக்கிறது.
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ஐயா, அந்த வரியைப் போடவிடாதீர்கள். அந்த ஏஜென்டையும் மாற்றிவிடுங்கள்.

வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, முன்பணம் கையில் இருக்கிறது, ஆனால் பெயரைச் சொன்னதும் “வீடு போயிடுச்சு” என்று ஃபோனை வைத்துவிடுகிறார்கள் என்று எனக்கு எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நல்ல வேலை கிடைத்துத் தீவுக்கு வந்தும், வீடு கிடைக்காமல் உறவினர் வீட்டு ஹாலில் படுத்துக் கிடக்கிறவர்கள் உண்டு. அந்தக் கதவை ஒரு தமிழ் ஆசிரியரே சாத்தினால் அவர்கள் எங்கே போவார்கள்? இன்னொரு இனத்தைப் பற்றி அப்படி எழுதச் சொன்னாலும் என் பதில் இதுவேதான்.

வீட்டுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, சமையல் வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும். இன்னொன்று, வாடகை பாக்கி. முதலாவதைக் கட்டடம் தீர்த்துவிடும். அடுப்புக்கு மேலே வெளியே இழுக்கும் புகைபோக்கி, அடுப்புச் சுவரில் சீலிங் வரை டைல்ஸ், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கதவு. யார் என்ன சமைத்தாலும் துடைத்தால் போய்விடும். மூன்று வீட்டிலும் இது இல்லை என்றால் ஆள் வருவதற்கு முன் செய்துவிடுங்கள். சமைக்கக்கூடாது என்று நிபந்தனை போடும் வீட்டில் எந்தக் குடும்பமும் தங்காது.

இரண்டாவதை இனம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காகிதம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். வருகிறவரிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை கேளுங்கள். முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், அதோடு மின்சாரம் தண்ணீருக்கு ஒரு தொகை வாங்குங்கள். ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தான 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டிவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் இருவரும் சேர்ந்து படமெடுத்து வையுங்கள்.

அப்படியும் யாராவது கட்டாமல் விட்டால், பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை வெட்டுவது, சாமானை வெளியே வைப்பது எதுவும் கூடாது. நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பாக்கிக்கு 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் வாரண்ட் கேட்கலாம். 12 மாதம் வரையிலான பாக்கிக்கு வீட்டில் உள்ள பொருள்களைக் கைப்பற்றி ஏலம் விட அது வழி செய்கிறது. ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், ஆனால் இரண்டாவது மாத பாக்கியிலேயே பாருங்கள். எட்டாவது மாதம் வரை முகத்துக்காகப் பொறுத்திருக்காதீர்கள்.

புது விளம்பரத்தில் வீட்டைப் பற்றி எழுதுங்கள்: எத்தனை சதுர அடி, எந்தப் பக்கம் காற்று, மோட்டாருக்குக் கூரை உண்டா, பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம், பின்கட்டின் படம் ஒன்று. விலாசத்தோடு எனக்கும் அனுப்புங்கள். வீடு தேடி எழுதிய பிள்ளைகளிடம் கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, வாடகைக்குக் கட்டும் வீட்டில் சாமி மேடை வைத்துக் கட்டலாமா? மற்ற மதத்தவர் வந்தால் சங்கடப்படுவார்களோ?
– வாசகி, நிபோங் திபால்

பதில்: மேடையாகக் கட்டாதீர்கள் தங்கச்சி. ஹாலின் கிழக்குச் சுவரில் இரண்டடி அகலத்துக்கு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு மாடம் விட்டுக் கட்டுங்கள், உட்பக்கம் டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். நம்மவர் விளக்கேற்றலாம், எண்ணெய்க் கறை சுவரில் ஏறாது. சீனக் குடும்பம் வந்தால் அவர்கள் சாமியை வைக்கட்டும். வேறொருவர் அதில் புத்தகமோ இன்டர்நெட் மோடமோ வைத்துக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட் விடுங்கள்.